கோட்டின் மேல் ஒரு சொல்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகும். நலமா என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் பேசினால், "நல்லா இருக்கேன், வெச்சிடட்டுமா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. கப்பலில் இருக்கும் அண்ணனைப் பிடித்தால், "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்கிறான். அவனுக்கு நடுக்கடல்தான் வசதி. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று தெரியும்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. குளிர் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே கதை. கால் வீங்குகிறது, எடை ஏறுகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நீர் வடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் மறுபடி சேர்கிறது. இன்னொரு தடவை வந்தால் இந்த இதயம் தாங்குமா என்று டாக்டரே இழுத்துத்தான் பேசினார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் நர்சிங் மாணவிகள் போட்ட படம். முன்பெல்லாம் பாடத்தை உருப்போட்டு, பரீட்சையில் கக்கிவிட்டு, மறுநாளே மறந்துபோவார்கள். இப்போது நான் நோட்ஸ் கொடுப்பதில்லை. ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி, கருத்து வரைபடம் போடச் சொல்கிறேன். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வட்டம். எங்கே தொடர்பு இருக்கிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டின் மேல் என்ன தொடர்பு என்று ஒரு சொல் எழுதியாக வேண்டும். 'இழுக்கிறது', 'தடுக்கிறது', 'வெளியேற்றுகிறது', இப்படி. சொல் இல்லாத கோட்டுக்கு மார்க் கிடையாது. கோடு யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம், சொல் எழுதும்போதுதான் சாயம் வெளுக்கும்.

பிரின்சிபால் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், டிராயிங் கிளாஸா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். திருத்த வேண்டிய தாள் ஒரு மூட்டை மேசையில் கிடக்கிறது. கண் எரிகிறது.

இந்த முறை அம்மாவின் கேஸையே கொடுத்தேன், யார் என்று சொல்லாமல். வந்ததில் நன்றாக இருந்ததை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். சமைக்கும்போது கண்ணில் படும்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

டீச்சரம்மாவுக்கு,

சிலந்திப் படம் கிடைத்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை.

அத்தையைப் பார்த்துக்கொள்வதற்காக விடும்வரைக்கும் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் நான். எழுத்தட்டையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்று ஊரையே கேட்டவள். அதனால் உங்கள் படத்தைச் சின்ன எழுத்துவரை விடாமல் படித்தேன்.

'உப்பு' ஒரு வட்டம். 'சமையல்' ஒரு வட்டம். சமையல் தானாக நடக்கிறது போல, செய்கிற ஆளைக் காணோம். 'நடமாட்டம்' ஒரு வட்டம். தூக்கிவிடுகிற கையைக் காணோம். சரி, நாம்தான் படத்திலேயே இல்லை என்று நினைத்தேன். இருந்தேன், கீழே வலது ஓரத்தில். 'வீட்டாரின் கவனக்குறைவு'. அங்கிருந்து ஒரு கோடு 'மறுபடியும் அட்மிஷன்' என்ற வட்டத்துக்குப் போகிறது. கோட்டின் மேல் சொல்லும் இருக்கிறது, 'காரணமாகிறது'. பக்கத்தில் உங்கள் சிவப்பு மையில் ஒரு 'சரி' குறி.

ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னது போதவில்லை என்று இப்போது படம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அன்றைக்கு வார்டு நர்ஸ் முன்னால் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "வீட்ல உப்பை அள்ளிப் போடுறாங்க போல." பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீங்கள் சாயங்கால வண்டியைப் பிடித்துப் போய்விட்டீர்கள். அந்தப் பார்வைக்கு நடுவில் ஒரு வாரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நான்.

உப்பைப் பற்றிக் கேளுங்கள். இந்த வீட்டில் இரண்டு சமையல் கிடையாது. அத்தைக்கு என்னவோ அதேதான் எனக்கும். ஒருத்தர் சப்பென்று சாப்பிட, எதிரில் உட்கார்ந்து இன்னொருத்தர் ருசியாகச் சாப்பிட முடியுமா? என் நாக்கு செத்து ஒரு வருடம் ஆகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பே போடாதவளை யார் நினைக்கப் போகிறார்கள்?

தண்ணீர் பாட்டிலில் அளந்து வைக்கிறேன். மாத்திரையை என் கையால் பிரித்து அத்தை உள்ளங்கையில் வைக்கிறேன். காலையில் எழுந்ததும் எடை பார்க்கிறேன். இத்தனை செய்தும் முள் ஏறுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் படத்துக்கும் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எனக்கு அலுத்துவிட்டது. சண்டை போடக்கூட உட்கார்ந்துதான் போட முடிகிறது. இடுப்பு அப்படி.

உங்கள் அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. சூடாக ஒரு பதில் எழுதி, தபால்தலைகூட ஒட்டிவிட்டேன். பிறகு அந்தப் படத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'கவனக்குறைவு' வட்டம் இருந்தது. என் 'சரி' குறியும் இருந்தது. பத்து வருடமாகத் திருத்திப் பழகிய கை, கண்ணைக் கேட்காமலே போட்டிருக்கிறது. எழுதிய பதிலைக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி, "இந்த வட்டம் எங்கிருந்து வந்துச்சு? நான் சொன்ன விவரத்துல வீட்டுல இருக்கிறவங்க கவனிக்கலைன்னு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். ஒருத்தி எழுந்து, "சீனியர் அக்காங்க படத்துல இருந்தது மேடம். அவங்களுக்கு முழு மார்க் போட்டிருந்தீங்க" என்றாள்.

அண்ணி, உருப்போடக் கூடாது என்றுதான் படம் போடச் சொன்னேன். அவர்கள் படத்தையே உருப்போட்டிருக்கிறார்கள். இதய நோயாளி மறுபடி அட்மிட் ஆனால் வீட்டார் மேல் ஒரு வட்டம் என்று வருடா வருடம் கைமாறி வந்திருக்கிறது. நானும் வருடா வருடம் மார்க் போட்டிருக்கிறேன். வகுப்பு முடிந்தபின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

வார்டில் நான் சொன்னது தப்பு. ஆதாரம் இல்லாமல் சொன்னேன். மகள் நான் தூரத்தில் இருக்கிறேன் என்ற குறுகுறுப்பை உங்கள் தலையில் இறக்கி வைத்தேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உப்பு இல்லை, தண்ணீர் அளவுதான், மாத்திரை போகிறது, அப்புறம் எப்படி எடை ஏறும்? இருக்கும் வட்டங்களை வைத்துக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஒரு வட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் இல்லாத நான் அதைப் போட முடியாது. வெற்றுத்தாள் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் போடுங்கள். நடுவில் அம்மாவை வைக்காதீர்கள், உங்களை வையுங்கள். காலையில் கண் விழிப்பதிலிருந்து உங்களைத் தொடுகிறது எல்லாவற்றுக்கும் கோடு இழுங்கள். கோட்டின் மேல் சொல் மறக்க வேண்டாம்.

டீச்சர் புத்தி போகாது, என்ன செய்ய.

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

டீச்சரம்மாவுக்கு,

இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் தாள் ஒரு வாரம் மேசையில் காய்கறிப் பைக்கு அடியில் கிடந்தது. போன ஞாயிறு மத்தியானம் அத்தை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் சும்மா இருந்தேன். சரி, தொலையட்டும் என்று பென்சிலை எடுத்தேன். நடுவில் 'நான்' என்று எழுதவே கூச்சமாக இருந்தது.

முதலில் வந்தது என் இடுப்புதான். இடுப்பு ஏன் வலிக்கிறது? 'தூக்குவது'. எதற்குத் தூக்குகிறேன்? 'பாத்ரூம்'. அத்தையை நாற்காலியிலிருந்து எழுப்பி, நடத்தி, உட்காரவைத்து, மறுபடி எழுப்பி. பாத்ரூம் ஏன் அடிக்கடி? 'நீர் மாத்திரை'. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. கோட்டின் மேல் 'போக வைக்கிறது' என்று எழுதினேன். மாத்திரையில் தொடங்கிப் பார்த்தால் கோடு வளைந்து வளைந்து என் இடுப்பில் வந்து நின்றது.

அத்தை கழுத்தை நீட்டி, "என்ன வரையிற?" என்று கேட்டார்கள். காட்டினேன். கண்ணாடி போடாமலே படித்தார்கள். விரலை மாத்திரை வட்டத்தில் வைத்து, கோட்டைத் தடவிக்கொண்டே இடுப்பு வரைக்கும் வந்தார்கள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அந்தத் திரும்பலில்தான் எனக்குச் சுருக்கென்றது.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிற நாளில் அத்தை பாத்ரூமுக்குக் கூப்பிடுவதே குறைவு. பாவம், அடக்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மாத்திரை போட்டால் அடக்க முடியுமா என்று யோசிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிறேன் அல்லவா, மாத்திரையை ஒளிக்க அந்த நேரம் போதும்.

எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. என் பழைய கடையில் கொடுத்த கண்ணாடிக் கூடு அத்தை மடியில் எப்போதும் இருக்கும். கண்ணாடி போடாதவர்களுக்குக் கூடு எதற்கு? கையை நீட்டினேன். மறுக்காமல் கொடுத்துவிட்டார்கள். ஆட்டினால் கலகலவென்று சத்தம், உள்ளே அத்தனையும் மாத்திரை.

டாக்டரிடம் போனில் சொன்னேன். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தவர் அவர். "நல்லவேளை, இன்னும் கூட்டியிருப்பேன். அதை ஒருநாள் நிஜமா முழுங்கியிருந்தா ரத்த அழுத்தம் படுத்திருக்கும்" என்றார். இப்போது குறைத்து, காலையில் மட்டும் என்று மாற்றியிருக்கிறார். கட்டில் பக்கத்திலேயே வைக்கிற கழிப்பறை நாற்காலியும் வாங்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஏன் வடிந்தது என்றும் புரிந்தது. அங்கே சிறுநீருக்கு டியூப் போட்டிருந்தார்கள், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

நான் அத்தையைத் திட்டவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெற்ற பெண்ணாக இருந்தால் கூப்பிட்டிருப்பார்கள், இல்லையா? மருமகளிடம் கேட்கக் கூச்சம். இத்தனை வருடம் ஆன பிறகும் நான் வந்தவள்தான் போல. அத்தையிலிருந்து எனக்கு ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் கணக்கில் மார்க் கிடையாது.

உங்கள் அண்ணி


மார்ச் 6

அண்ணி,

ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பரீட்சை நேரத்தில் லீவா என்று பிரின்சிபால் குதித்தார். குதிக்கட்டும். பதினைந்தாம் தேதி அங்கே இருப்பேன்.

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போங்கள். இடுப்பை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். "பரவாயில்லை, சமாளிச்சிப்பேன்" என்று எழுதினால் அந்தக் கடிதத்தை நான் பிரிக்கவே மாட்டேன்.

அந்தக் கோட்டைப் பற்றி எனக்கும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 15, காலை, சாப்பாட்டு மேசை மேல்

நீங்கள் வருகிற வரைக்கும் இருந்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. முகம் பார்த்தால் சண்டை வருமா அழுகை வருமா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. பக்கத்து வீட்டு டைலரக்கா நீங்கள் வரும்வரை அத்தையோடு இருப்பாள்.

எழுப்பும்போது இடது தோளைப் பிடிக்காதீர்கள், வலிக்கும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள்தான் நிற்க முடியும், ஆகவே பக்கவாட்டில் நில்லுங்கள். மாத்திரையை வாயில் போட்டு விழுங்குகிறவரை தண்ணீர் எடுக்கக்கூடத் திரும்ப வேண்டாம், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கொடுங்கள். வெந்நீரில் துணி நனைத்துக் கால் துடைத்தால் அத்தைக்குப் பிடிக்கும், ஆனால் கேட்க மாட்டார்கள்.

உங்கள் சிலந்திப் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன். ஓரத்து வட்டத்தை மட்டும் கத்தரித்துவிட்டேன்.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, நோயாளியை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் முழங்காலை மடக்கினால் மூக்கு அலமாரிக் கைப்பிடியில் இடிக்கிறது. இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். அம்மா சிரித்தார்கள்.

எடை இறங்கிவிட்டது. கால் வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு தெரிகிறது. மூச்சு வாங்காமல் படுக்கத் தலையணை ஒன்று போதும் என்கிறார்கள். மாத்திரையை என் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறார்கள், வேண்டுமென்றே நாக்கை நீட்டி.

ஆனால் கூப்பாடு இருக்கிறதே! கழிப்பறை நாற்காலிக்கு, திரும்பக் கட்டிலுக்கு, ஜன்னலைத் திற, மூடு, காலுக்கு வெந்நீர், நேற்றுத் துடைத்தது சரியில்லை. நான் ஒரு வாய் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், மணி அடித்த மாதிரி கூப்பிடுகிறார்கள். என் முதுகும் பேச ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஆனால் சோபாவில் விழுந்து, எழுந்திருக்க யாராவது கை கொடுப்பார்களா என்று பார்க்கிறேன். நீங்கள் இதை இத்தனை காலம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

நேற்று பொறுக்க முடியாமல் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "ஏம்மா, அண்ணி இடுப்பு வலிக்கக் கூடாதுன்னு மாத்திரையை ஒளிச்ச. என் முதுகு மட்டும் என்ன இரும்பா? அவங்க வந்தவங்க, கேட்கக் கூச்சம், நான் பெத்த பொண்ணு, உரிமை. அப்படித்தானே?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இத்தனை படித்தும் இது தெரியவில்லையா என்கிற பார்வை.

"கூச்சமா? அவகிட்ட எனக்கென்ன கூச்சம்? நீ லீவு முடிஞ்சா போயிடுவ. அவ இருக்கணும்ல."

சொல்லிவிட்டு, "டீ ஆறுது பாரு" என்றார்கள்.

அண்ணி, இது பாசமா, பயமா, பாசத்தில் வந்த பயமா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதற்காகத் தன் மூச்சையே பணயம் வைத்தது முட்டாள்தனம், அதையும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் போட்ட படம் மேசை இழுப்பறையில் இருந்தது. அம்மாவிடமிருந்து உங்களுக்கு வரும் அந்தக் கோட்டின் மேல், அம்மா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். ஒரு சொல்தான் எழுத வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. இந்த ஒரு தடவை போகட்டும்.

இன்னொன்று. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் வட்டம் இல்லை. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அது எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆனால் அண்ணி, உடம்பு சரியாகிவிட்டதென்றால் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட முடியுமா? கட்டாயமில்லை. கேட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 29

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போட வந்த இடத்தில் படித்தேன். கடைசியில் துணி காயவில்லை, நான்தான் நனைந்தேன். அக்கா பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இங்கே சாப்பாட்டில் உப்பு இருக்கிறது. முதல் நாள் கரித்தது. இப்போது பழகிவிட்டது.

உங்களுக்கு வட்டம் போடவில்லை என்பது உண்மை. கோபத்தில் விட்டேன். படத்தை எடுத்து, மேலே இடது பக்கம் இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து என் இடுப்புக்கு ஒரு கோடு. மேலே என்ன எழுதுவது என்று உங்களுக்கே தெரியும், இரண்டு வாரமாகத் தூக்குகிறீர்களே.

டாக்டர் இடுப்பைப் படம் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறதாம். இப்போது ஓய்வெடுத்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன் என்கிறார். பயிற்சி சொல்லித்தருகிற அம்மாவிடம் தினமும் போகிறேன்.

ஆகவே முன்னாலேயே வர மாட்டேன். லீவு முடிந்தும் வர மாட்டேன். அடுத்த மாதக் கடைசி வரை இங்கேதான் படுத்திருப்பேன். லீவை நீட்டுங்கள். பிரின்சிபால் குதித்தால் அத்தை சொன்னதையே சொல்லுங்கள்.

நான் இருக்கணும்ல.

அண்ணி